தீரர் சத்தியமூர்த்தியும் சினிமாத் தொழிலும்

பெருந்தலைவர் காமராஜருக்கு அரசியல் ஆசானாய் விளங்கியவர் என்னும் முறையில் தீரர் ஸ்ரீ சத்தியமூர்த்தி அவர்களின் பெயரை நமது குடும்பங்களில் அறியாதார் இலர். ஆனால் அன்னார் சினிமாத் தொழிலுக்காகப் பரிந்து வாதாடிய வரலாறு நமது இளைஞர் பலரும் கேட்டிராத ஒன்றாகும். அதனையும், அதனோடு பிணைந்து நிற்கும் ஒரு குறையையும் இங்கு எழுதப் புகுந்தோம்.

1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்திலே பிறந்த இவர், வக்கீல் தொழிலைப் பயின்று, 1923-இல் சென்னைச் சட்டசபையிலும் 1934-இல் இந்திய மத்திய சட்டசபையிலும் புகுந்தார். நாவன்மையால் அரசாங்கத்தாரைத் திணறச் செய்தவர். இவை யாவரும் அறிந்தனவே.

அக்காலத்தில் நாடகத்தையும் சினிமாவையும் மதித்த தேசத் தலைவர் மிகச் சிலரே. 1927-இல் ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த சினிமா விசாரணைக் குழுவினர் வினாக்கள் அனுப்பிய போது, மகாத்மா காந்தியடிகள் தாம் சினிமாவே பார்த்ததில்லை என்று விடை தர மறுத்துவிட்டார். இராஜாஜிக்கும் அதன்பால் அன்பில்லை. சத்தியமூர்த்தியோ சுகுண விலாச சபையில் தாமே வேடந்தரித்து நடித்தவர். அரிதாரம் பூசுவதைத் தாழ்வென்று எண்ணாதவர். நமது ஆறுமுகநேரி போன்ற உப்பளத்து ஊர்களில் பத்திரிகை படிக்க வல்லார் சிலராயிருந்த அந்நாளில், கொட்டகையில் கேட்ட பாட்டு எழுத்தறியாதவன் நாவிலும் ஏறும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஸ்ரீமதி கே.பி. சுந்தராம்பாள் போன்ற கலைஞரைக் காங்கிரஸ் மேடைக்குக் கொணர்ந்தார். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தொடக்க காலத்தில் அதன் தலைமையை ஏற்று, முதலாளிகளும் தொழிலாளிகளும் பிழைக்கும் ஒரு கைத்தொழிலாக அதனை அரசாங்கம் கருதவேண்டுமென்று வற்புறுத்தினார். வர்த்தகர்க்கு இது பேருதவி. அரசியலுக்கு எத்தகைய உதவி என்பது வேறு கேள்வி. 1967-இல் திரைப்படத்திற்கு வசனம் எழுதிய ஸ்ரீ அண்ணாதுரையின் கட்சி காங்கிரஸை வீழ்த்தியது. காமராஜரும் விருதுநகரில் தோற்றார். ஆசானிடம் எவ்வளவோ கற்ற காமராஜர் சினிமாப் பற்றை மட்டும் கற்கவில்லை!

இனிக் குறைக்கு வருவோம். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் 1927 முதல் போராடியபோது, அதனை எதிர்த்தவர்களுள் முன்நின்றவர் இவரே. சமய வழக்கத்தில் சட்டம் தலையிடலாகாது என்பதும், பரம்பரைக் கலை அழிந்துபடும் என்பதும் அத்தரப்பாரின் வாதம். கலை அழியக்கூடாதென்பது நல்லெண்ணமேயாகுக. ஆனால் அக்கலையைச் சுமந்த பெண்ணின் வாழ்க்கை என்னாவது? அம்மரபிற் பிறந்த மாதர் பலர் நாடகத்திலும் பேசும் படத்திலும் பாடி நடித்தே தமது காலில் நின்றனர். எந்தத் தொழிலுக்காக அவர் பரிந்து பேசினாரோ, அத்தொழிலே கோயிற் கட்டின்றிக் கலை வாழக்கூடும் என்பதற்குச் சான்றாயிற்று. வக்கீலான அவர் இதனைக் காணாதது வியப்பே. தேசத்தின் விடுதலைக்குத் தந்த நியாயத்தை அப்பெண்களுக்கு அவர் தரவில்லையென்று நாம் கூசாமற் கூறுவோம்.

அவருடைய பெருந்தன்மையையும் மறைத்தலாகாது. 1936-இல் மாகாணக் காங்கிரஸ் தலைவரான அவர் காமராஜரைக் காரியதரிசியாக்கினார். 1940-இல் காமராஜர் தலைவரானபோது, பதினாறு ஆண்டு மூத்தவரான தாம் அவருக்குக் கீழே காரியதரிசியாய் அமர்ந்தார். நமது சங்கங்களிலே பதவி மாறுங்கால் நடப்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். சென்னை மேயராய் அவர் முயன்று தொடங்குவித்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. இன்றும் அது அவர் பெயரையே தாங்குகின்றது. அதனை அவர் காணவில்லை. 1942-இல் சிறைப்பட்டு, அமராவதிச் சிறையிலே உடல் நலிந்து, 1943 மார்ச்சு 28-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார்.

1947 ஆகஸ்டு 15-இல் காமராஜர் அவர் இல்லத்திற்குச் சென்று தேசக் கொடியை ஏற்றினார். பொட்டுக்கட்டுதலை விலக்கும் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே.