மீதமின்றிப் பிரியும் எண்கள்: ராமானுஜனுக்குப் பட்டம் தந்த ஆய்வு

திருப்புல்லாணி, பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் ஒரு தென்னந்தோப்பைப் பாகம் பிரிக்க வேண்டும் என்றால் குடும்பத்தார் ஆலிமிடம் போவார்கள். இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன் என்றால் சொத்தை 24 பங்காக வைப்பார் அவர். எட்டில் ஒன்றான 3 பங்கு மனைவிக்கு; ஆறில் ஒன்றான 4 பங்கு தாய்க்கு; மீதி 17 மகனுக்கு. 24-ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்ஜீப்ரா நூலை எழுதிய அல்-குவாரிஸ்மியும் அதில் பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் இத்தகைய எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் நம் தமிழகத்தின் சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, வறுமை. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ராமசாமி ஐயர் போன்றவர்கள் அவரைக் கைவிடவில்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் 1914-ல் அவரைக் கேம்பிரிட்ஜ் கொண்டு சேர்த்தது.

அங்கே 1915-ல் அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அதிலுள்ள பட்டியலின் கடைசி எண் 6746328388800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி! 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் அது வரும். இந்த முறைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10080. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு இது.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293318625600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவதே அது. எவ்வளவு பெரிய மேதைக்கும் ஒன்று தவறும். முழுமையான அறிவு அல்லாஹ்வுக்கே உரியது.

கல்லூரிகளில் தேறாத ராமானுஜனுக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயுடன் 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார். வயது 32.

நம் ஜமாஅத்துகளுக்குக் கல்வி உதவி கேட்டு வரும் மனுக்களில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், ராமானுஜனின் மனுவும் தள்ளுபடியாகியிருக்கும். ஒரே பாடத்தில் மட்டும் மின்னும் பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்க ஒருவராவது முன்வர வேண்டும்.