கல்லைக் கற்ற சான்றோர்

மண்ணின்மேல் விளையும் பொருளை யாவரும் காண்பர். மண்ணினுள் உறையும் பொருளைக் கண்டறிவார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜோசே பொனிபாசியோ ஆவார்.

இவர் பிரேசில் நாட்டுச் சாந்தோஸ் நகரில் 1763ஆம் ஆண்டு பிறந்தார். அந்நாளில் பிரேசில், போர்ச்சுகல் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆதலின் இவர் கடல் கடந்து சென்று, போர்ச்சுகலிலுள்ள கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் சட்டமும் இயற்கைநூலும் பயின்றார். இவருடைய அறிவுத்திறம் கண்ட அரசு, சுரங்கத் தொழிலைக் கற்று வருமாறு 1790இல் இவரை ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பிற்று. செருமனி நாட்டுப் பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில், வெர்னர் என்னும் பேராசிரியரிடம் இவர் கனிமநூல் பாடங்கேட்டார்.

பின்னர் வடபுலத்துச் சுவீடன், நார்வே நாடுகளை அடைந்தார். அவை நெடிய குளிர்காலமும் அடர்ந்த காடுகளும் உடையவை. பண்டைப் பனிப்பாளங்கள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றமையால், அங்குப் பழம்பாறைகள் பலவிடங்களில் வெளிப்பட்டு நிற்கும். நிலத்தின் ஆழத்தே உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகுங்கால், எஞ்சிய குழம்பில் அரிய தனிமங்கள் திரளும். அக்குழம்பு பாறைப் பிளவுகளிற் புகுந்து பெரும்படிகங்களாக உறையும். இதனைப் பெக்மடைட் என்பர். காண்பார்க்கு அது வெறுங்கல்லே. அதனை உடைத்து, பிளக்கும் முறை, கடினம், எடை, தீயில் மாறும் வகை ஆகியவற்றை ஆராய்ந்தாலன்றி, அதிலுள்ள கனிமங்களைப் பிரித்தறிதல் அரிது.

பொனிபாசியோ அப்பொறுமையைக் கைக்கொண்டார். 1800ஆம் ஆண்டில் கனிமங்கள் பலவற்றை விளக்கி எழுதினார். அவற்றுள் பெட்டலைட், ஸ்போடுமீன் என்னும் இரண்டும் புதியன. ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த ஊட்டோத் தீவில் கிடைப்பன. இலைபோல் அடுக்கடுக்காகப் பிளத்தலின், இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெட்டலைட் பெயர் பெற்றது.

அக்கற்களில் புதிய தனிமம் ஒன்று மறைந்திருத்தலை அவர் அறிந்திலர். 1817இல் ஆர்ப்வெட்சன் என்னும் சுவீடன் இளைஞர், பெர்சீலியஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பெட்டலைட்டைப் பகுத்தார். பகுத்த பொருள்களின் எடையைக் கூட்டியபோது, அது கல்லின் எடையினும் குறைந்தது. எஞ்சியது யாதெனத் துருவி, லித்தியம் என்னும் தனிமத்தைக் கண்டார். உலோகங்கள் யாவற்றினும் இலேசான அதுவே இன்று மின்கலங்களுக்கு உயிராய் விளங்குகிறது. கானடாவின் வடபுலத்திலும் பின்லாந்திலும் அறிஞர் அதனைத் தேடி அலைகின்றனர்.

1819இல் பொனிபாசியோ தாய்நாடு திரும்பினார். இளவரசர் பேதுரோவின் அமைச்சராகி, 1822இல் பிரேசில் விடுதலை பெறத் துணைநின்றார். ஆயினும் அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய் உழன்றனர். நாடு விடுதலை பெற்றும் மக்கள் அடிமைகளாய் இருத்தல் அவர் நெஞ்சை வருத்தியது. அடிமை வணிகத்தை ஒழிக்கவும், அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கவும் திட்டம் வகுத்தார். அதனை மன்றத்தில் முன்வைக்குமுன்னரே, பேரரசராகிவிட்ட பேதுரோ 1823இல் மன்றத்தைக் கலைத்து, இவரையும் நாடுகடத்தினார். பொனிபாசியோ பிரான்சு நாட்டில் வாழ்ந்தபோதும் கொள்கையைக் கைவிட்டிலர். 1825இல் அத்திட்டத்தைப் பாரிசு நகரில் அச்சிட்டு வெளியிட்டார். 1829இல் நாடு திரும்பி, 1838இல் மறைந்தார். பிரேசிலில் அடிமை முறை அறவே ஒழிந்த ஆண்டு 1888.

கல்லினுள் மறைந்திருந்த தனிமத்தைப் பிறர் கண்டனர்; அவர் கருதிய அறத்தைப் பிறர் முடித்தனர். பயனைத் தாம் காணாமை கருதி நற்பணியைத் தொடங்காதிருத்தல் தகாது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.