'சாரே ஜஹான் சே அச்சா' எழுதியவர் சென்னையில் என்ன பேசினார்? யார் இந்த இக்பால்?

ஸ்கூல் அசெம்பிளியில் 'சாரே ஜஹான் சே அச்சா' பாடாதவர்கள் நம்மில் கம்மி. 1904-ல் அதை எழுதிய முகமது இக்பால்தான் பாகிஸ்தானின் தேசியக் கவிஞரும்கூட. 2023-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு, இவரைப் பற்றிய பாடத்தை நீக்கத் தீர்மானம் போட்டது. பாட்டு வேண்டும், ஆள் வேண்டாமா என்று அப்போது ஒரு விவாதம் ஓடியது. அதில் பலரும் பேசாத ஒரு விஷயம், இக்பாலின் சென்னை கனெக்‌ஷன்.

1877-ல் சியால்கோட்டில் பிறந்தவர். பூர்வீகம் காஷ்மீரி பிராமணக் குடும்பம். லாகூரில் படித்து, அங்கேயே அரபி கற்பித்தார். பிறகு கேம்பிரிட்ஜ். பாரசீகத் தத்துவத்தை ஆராய்ந்து மியூனிக்கில் டாக்டர் பட்டம். ஊர் திரும்பியதும் பிழைப்புக்கு வக்கீல் தொழில், மனசுக்குக் கவிதை. உருதுவோடு நிற்காமல் பாரசீகத்திலும் எழுதியதால் ஈரான், ஆப்கானிஸ்தான் வரை வாசகர்கள் கிடைத்தார்கள்.

1924-ல் துருக்கி கிலாபத்தை ஒழித்தது. இனி முஸ்லிம்களுக்கு யார் தலைமை, நவீன அறிவியலோடு மதம் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்விகள் உலகம் முழுக்கச் சூடாக ஓடிய நேரம் அது. சென்னையில் அதற்கு மேடை போட்டுக் கொடுத்தவர் தோல் வியாபாரி ஜமால் முகமது. ஆமாம், திருச்சி கல்லூரிக்கு இருப்பது இவர் பெயர்தான். 1925-ல் அறிஞர் சுலைமான் நத்வி, 1927-ல் குர்ஆனைப் பின்னாளில் ஆங்கிலத்தில் தந்த பிக்தால், 1929 ஜனவரியில் இக்பால் என வரிசையாக வந்து பேசினார்கள்.

இக்பால் பேசிய இடம், பாரிமுனை ஆர்மேனியன் தெருவில் உள்ள கோகலே ஹால். அடையாறு தியோசபிகல் சொசைட்டியின் அன்னி பெசன்ட் முயற்சியில் உருவான அரங்கம்! அங்கே மூன்று சொற்பொழிவுகள், மூன்றுமே ஆங்கிலத்தில். ரூமியும் கஸ்ஸாலியும் ஐன்ஸ்டைனும் ஒரே பேச்சில் வந்து போனார்கள். மேலும் மூன்றைச் சேர்த்து 1930-ல் புத்தகமாக்கினார். 1934 பதிப்பில் ஏழாவதும் சேர்ந்தது. இஸ்லாமிய மதச் சிந்தனையை மறுகட்டமைப்பது பற்றிய அந்த நூலின் முன்னுரையிலேயே மெட்ராஸ் இருக்கிறது. நவீன முஸ்லிம் சிந்தனையைப் புரிந்துகொள்ள இன்றும் உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் புத்தகம் இது.

உண்மையைச் சொன்னால், முதல் அத்தியாயத்திலேயே தலை சுற்றும். ஆறாவதிலிருந்து ஆரம்பிக்கலாம். மதச் சட்டத்தைக் காலத்துக்கேற்ப யோசிக்கும் உரிமை பற்றிய பகுதி அது. கலீபாவின் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையிடமே கொடுக்கலாம் என்ற துருக்கியின் வாதத்தை அதில் ஏற்கிறார்.

ஆனால் அதே 1930-ன் கடைசியில், அலகாபாத்தில் முஸ்லிம் லீக் தலைமையுரையில், பஞ்சாப், சிந்து, பலூசிஸ்தான், வடமேற்கு எல்லை மாகாணம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மாநிலமாக்கும் யோசனையை வைத்தார். டெல்லித் தீர்மானத்தின் வேர் இங்கேதான். இதை மறைத்துவிட்டு இவரைக் கொண்டாடவும் முடியாது, இதை மட்டும் சொல்லி முடித்துவிடவும் முடியாது. பிரிவினையை அவர் பார்க்கவில்லை. 1938 ஏப்ரல் 21-ல் லாகூரில் இறந்துவிட்டார்.

அரபு உலகத்தில் இவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது எந்தத் தூதரகமும் இல்லை, ஒரு பாட்டு. இறைவனிடமே முறையிடும் இவருடைய 'ஷிக்வா' கவிதையின் அரபி வடிவத்தை, 1967-ல் எகிப்தின் உம் குல்தூம் பாடினார். யூடியூபில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.