சாண்டோ பனியன் தெரியும்... சாண்டோ யார் தெரியுமா? 100 வருஷத்துக்கு முன்னாடி மறைந்த பலசாலி கத்துக்கொடுத்த ஜிம் பாடம்!

தருமபுரியில் எந்த ஜவுளிக்கடைக்குப் போய் சாண்டோ பனியன் கேட்டாலும், கடைக்காரர் கை இல்லாத பனியனை எடுத்துப் போடுவார். சினிமா தெரிந்தவர்களுக்கு சாண்டோ என்றதும் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் ஞாபகம் வரும். கொஞ்சம் உடம்பு ஏத்தின பையனைப் பார்த்தால், மனசுக்குள்ள பெரிய சாண்டோன்னு நெனப்பு என்று ஊரில் கிண்டல் பண்ணுவார்கள்.

ஆனால் சாண்டோ என்பது ஒரு மனிதரின் பேர். அந்த பனியனுக்குப் பேர் வந்ததே அவரால்தான் என்று சொல்லப்படுகிறது. உலகம் முழுக்க பலசாலி என்று கொண்டாடப்பட்ட அவர், 58 வயதில் இறந்துபோனார். அவர் எப்படி இறந்தார் என்பதைப் பற்றி இன்றைக்கும் ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு. ஜிம்முக்குப் போகிறவர்களும், போலீஸ் வேலைக்கு கிரவுண்டில் ஓடுகிறவர்களும் அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

யார் இந்த சாண்டோ?

முழுப் பேர் யூஜின் சாண்டோ. இதுவும் மேடைக்காக வைத்துக்கொண்ட பேர்தான். சொந்தப் பேர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2-ம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தார். இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவில், கலினின்கிராட் என்ற பேரில் இருக்கிறது.

வாலிப வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர், சர்க்கஸில் சேர்ந்து ஐரோப்பாவைச் சுற்றினார். பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், அட்டிலா என்ற மேடைப்பேர் கொண்ட லூயிஸ் டர்லாக்கர் என்ற பயிற்சியாளரைச் சந்தித்தது அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. வெறும் வித்தைக்காரனாக இருந்த பையனை முறைப்படி எடை தூக்க வைத்தவர் இந்த குருதான்.

ஒரே ராத்திரியில் ஹீரோ!

1889-ம் வருஷம் லண்டனில் சாம்ப்சன் என்ற பயில்வான் கொடிகட்டிப் பறந்தார். தன்னையும் தன் சீடன் சைக்ளோப்ஸையும் ஜெயிக்க ஆள் இருக்கா என்று தினமும் மேடையில் சவால் விடுவார். ஒருநாள் கூட்டத்தில் இருந்து எழுந்து வந்தார் 22 வயது சாண்டோ. முதலில் சீடன் தோற்றார். அப்புறம் குருவும் தோற்றார். அதோடு லண்டன் முழுக்க சாண்டோ பேச்சுதான்.

1893-ல் அமெரிக்கா போனார். சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த நேரம் அது. அங்கே அவரை மேடை ஏற்றிய ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எவ்வளவு எடை தூக்குகிறார் என்பதைவிட, அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். அதனால் தசைகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் காட்டுவதே தனி ஷோ ஆனது. இன்றைய பாடிபில்டிங் மேடைகளுக்கு விதை விழுந்தது அங்கேதான். 1894-ல் எடிசனின் ஸ்டூடியோ அவரைப் படமும் எடுத்தது. உலகத்தின் ஆரம்பகால சினிமாத் துண்டுகளில் அதுவும் ஒன்று.

மேடையில் யானை பலம்... வகுப்பில் லேசான டம்பெல்ஸ்!

1897-ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார் சாண்டோ. புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். மேடையில் மனிதர்களையே தூக்கிக் காட்டியவர், ஆபீஸ் போகிற சாதாரண ஆட்களுக்குக் கத்துக்கொடுத்தது லேசான டம்பெல்ஸ் பயிற்சியைத்தான்.

அவர் புத்தகத்தில் வயதுக்குத் தக்கபடி, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனி அட்டவணை இருந்தது. எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்வது, எப்போது கூட்டுவது என்று அதில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடி முன்னாடி நின்று, எந்தத் தசை வேலை செய்யுதோ அதில் மனசை வைத்துச் செய்யச் சொன்னார். நடுவில் ஸ்பிரிங் வைத்த டம்பெல்ஸையும் விற்றார். பிடி இறுக இறுக, ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதில் ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. சாண்டோவின் உடம்பு லேசான டம்பெல்ஸால் மட்டும் வந்ததில்லை. அட்டிலாவிடம் அவர் பெரிய எடைகளையும் தூக்கிப் பழகியவர். ஆனால் அங்கே போய்ச் சேர அவருக்கு வருஷக்கணக்கு ஆனது. விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு உடம்பு தெரிந்தது, வருஷம் தெரியவில்லை. இன்றைக்கு ரீல்ஸ் பார்க்கும் நமக்கும் அதேதான் நடக்குது.

பெரிய உடம்புக்குப் பரிசு இல்லை!

1901 செப்டம்பர் 14. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ நடத்திய போட்டி, உலகின் முதல் பெரிய பாடிபில்டிங் போட்டியாகக் கருதப்படுகிறது. சாண்டோவோடு சேர்ந்து நடுவராக உட்கார்ந்தவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில்!

தசை எவ்வளவு பெருசு என்பதை மட்டும் அங்கே பார்க்கவில்லை. உடம்பு முழுக்க சமமாக வளர்ந்திருக்கா, தோல் எப்படி இருக்கு, பொதுவான ஆரோக்கியம் எப்படி என்று எல்லாமே கணக்கில் வந்தது. கையும் நெஞ்சும் மட்டும் ஏத்திவிட்டு, காலையும் முதுகையும் கண்டுக்காமல் விடுகிறவர்களுக்கு அன்றைக்கே அங்கே இடமில்லை.

இந்தியாவுக்கு வந்த சாண்டோ

1904-05-ல் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு இங்கே பலசாலி என்றாலே சாண்டோ என்று ஆனது. கோவையில் பிறந்த சின்னப்பா தேவர் பேருக்கு முன்னாடி அது பட்டமாகவே ஒட்டிக்கொண்டது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூருவில், கோலார் பகுதியில் பிறந்த கே.வி.ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தினார். மேல்நாட்டு பார்பெல் பயிற்சியையும் நம்ம சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்து ஒரே முறையாக்கி, தபாலிலேயே பாடம் அனுப்பினார். பலம் மட்டும் போதாது, உடம்பு வளையவும் வேணும் என்பது அவர் வழி.

கார் தூக்கியதால் செத்தாரா?

1911-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் உடற்பயிற்சி ஆசிரியராக சாண்டோ நியமிக்கப்பட்டார். ஆனால் முதல் உலகப்போர் காலத்தில் அவருடைய கோகோ கம்பெனி நொடிந்தது. 1925 அக்டோபர் 14-ம் தேதி லண்டனில் இறந்தார்.

பள்ளத்தில் இறங்கிய காரை ஒத்தை ஆளாகத் தூக்கினார், அதில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்பதுதான் ஊர் முழுக்கப் பரவிய கதை. இதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. கார் கதை எந்த அளவுக்கு உண்மை என்பதில் அவர் வரலாற்றை எழுதியவர்களுக்கே சந்தேகம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு பெரிய எடையைத் தூக்கும்போது, ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். பிபி இருப்பது தெரியாமலே இருப்பவர்களுக்கு இது ஆபத்து. வெளியே தசை எவ்வளவு இருந்தாலும், உள்ளே ரத்தக்குழாய் எப்படி இருக்கு என்று கண்ணாடியில் தெரியாது. 40 வயதைத் தாண்டி புதுசா ஜிம்மில் சேர்கிறவர்கள், முதலில் பிபி பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நமக்கு என்ன பாடம்?

இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கணும். கயிறும் ஏறணும். எழுத்துத் தேர்வு பாஸ் ஆன பிறகுதான் கிரவுண்டுக்கே போவோம் என்று இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் தார் ரோட்டில் தினமும் ஓடினால் முன்னங்கால் எலும்பு வலி வந்து நிற்கும். வருஷக்கணக்கில் படிச்ச படிப்பு, அந்த ஒரு வலியில் போய்விடும்.

காரணம் இதுதான்: தசை சீக்கிரம் பலமாகும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத்தான் பலமாகும். தசை ரெடி ஆயிடுச்சு என்று எடையையோ தூரத்தையோ திடீர்னு கூட்டினால், அடி வாங்குவது தசைநாணும் மூட்டும்தான்.

* 10 முதல் 12 தடவை ஒழுங்காகச் செய்ய முடிகிற எடையில் ஆரம்பியுங்கள். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால் போதும். 12-ம் சுலபமான பிறகு கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* பயிற்சிக்கு முன்னாடி 5 முதல் 10 நிமிடம் நடை, மெதுவான ஓட்டம் என்று உடம்பைச் சூடாக்குங்கள்.

* கீழே இருப்பதைத் தூக்கும்போது முதுகை வளைக்காதீங்க. இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுந்திருங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கிரேட் தூக்குகிறவருக்கும் இதே விதிதான்.

* தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள்.

* ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் பயிற்சி வேண்டாம். நடுவில் ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

* மறுநாள் தசை முழுக்க மந்தமாக வலித்தால் பயமில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, வீங்கினாலோ, முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் உடனே போங்கள்.

உலகப் புகழ் பெற்ற சாண்டோவின் சமாதியில் ரொம்ப காலம் பேர் பொறித்த கல்கூட இல்லை. இன்றைக்கு மிஸ்டர் ஒலிம்பியா ஜெயிப்பவர்கள் கையில் ஏந்தும் கோப்பை, அவருடைய சிலைதான். அந்தச் சிலை கையில் இருப்பது பெரிய எடை. ஆனால் தன்னிடம் வந்தவர்கள் கையில் அவர் முதலில் கொடுத்தது லேசான டம்பெல்ஸ். நாளைக்குக் காலையில் சாண்டோ பனியன் மாட்டிக்கிட்டு ஜிம்முக்குக் கிளம்பும்போது, நீங்களும் அதையே முதலில் எடுங்கள்.