மீன்காரம்மாவும் வாத்தியார்தான்!

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஏரி மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலேஜில் விலங்கியல் படிக்கும் என் மகளுக்கு, அவரிடம் மீன் பெயர் கேட்கக் கூச்சம். தறியில் உட்கார்ந்தபடியே அவளுக்கு டாக்டர் பிரான்சிஸ் டே கதையைச் சொன்னேன்.

1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1852-ல் மதராஸ் ராஜதானிக்கு ராணுவ டாக்டராக வந்தார். வந்த இடத்தில் மனசு மீன் பக்கம் போய்விட்டது. 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். பிறகு இந்தியா முழுக்க மீன்வளத்தைக் கவனிக்கும் தலைமை அதிகாரியானார். 1875 முதல் 1878 வரை வெளியான அவருடைய 'இந்தியாவின் மீன்கள்' நூலில், லத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்குப் பெயர்களும் இருக்கும். வலை போட்டவங்களும் கூடை சுமந்தவங்களும் சொல்லாமல் அதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

குஞ்சு மீனையும் வாரும் சின்னக்கண் வலையால் மீன் இனமே அழியும் என்று 1873-லேயே அறிக்கை கொடுத்தார். 1889-ல் காலமானார். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-ல்தான் வந்தது.

இப்போது மகள் நோட்டோடு வாசலில் உட்காருகிறாள். கெண்டை, கெளுத்தி, குறவை, விரால்... அந்தம்மாவும் கூடையை இறக்கி வைத்து, அடையாளம் காட்டிச் சொல்லித் தருகிறார். உங்க வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்களேன், சகோதரிகளே!

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.