பிரதமர் வாங்கிய கார் கடன்

அக்டோபர் 2 என்றாலே நமக்கு காந்தி ஜெயந்திதான். அதே தேதியில் 1904-ம் ஆண்டு பிறந்த லால் பகதூர் சாஸ்திரியை அன்று நினைப்பவர்கள் குறைவு. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அவரை நினைக்க ஒரு தனிக் காரணம் உண்டு. அது அவர் வாங்கிய ஒரு சின்னக் கடன்.

காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். பெயரோடு இருந்த சாதிப் பெயரை இளமையிலேயே விட்டுவிட்டார். சாஸ்திரி என்பது காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம். 1928-ல் நடந்த திருமணத்தில் சீராக ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும் மட்டுமே ஏற்றுக்கொண்டார். சுதந்திரப் போராட்டத்தில் மொத்தம் ஏழு ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

தமிழ்நாட்டுக்கு அவரைப் பற்றி மறக்க முடியாத நினைவு ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழைக்கும் வெள்ளத்துக்கும் டெல்லியில் இருக்கும் அமைச்சர் என்ன செய்வார் என்று யாரும் கேட்டிருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. துறை தன்னுடையது, பொறுப்பும் தன்னுடையது என்று ரயில்வே அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்.

1964 ஜூனில் பிரதமரானார். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததில் அன்றைய காங்கிரஸ் தலைவர் காமராஜருக்குப் பெரும் பங்கு உண்டு. நாடு அப்போது கடும் உணவுப் பஞ்சத்தில் இருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் நடந்த காலம். வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி மக்களைக் கேட்டார். அதற்கு முன் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார் என்று அவருடைய பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வேண்டுகோளோடு நிற்கவும் இல்லை. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்துக்குத் துணை நின்றார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான்.

இனி அந்தக் கடன். பிரதமரான பிறகும் அவருக்குச் சொந்தக் கார் கிடையாது. பிள்ளைகள் விரும்பியதால் ஒரு ஃபியட் வாங்க முடிவு செய்தார். விலை 12,000 ரூபாய். கையிருப்பு 7,000. மீதி 5,000 ரூபாயை பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார்.

1966 ஜனவரி 11 அதிகாலையில், பாகிஸ்தானுடன் ஒப்பந்தம் கையெழுத்தான சில மணி நேரத்தில், தாஷ்கண்டில் காலமானார். கார் கடன் பாக்கி நின்றது. சொந்த வீடுகூட இல்லை.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், ஜாமீன் போடாத வாரிசுகளின் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் என்பது பொதுவான சட்டம். மனைவி லலிதா சாஸ்திரி காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தனக்கு வந்த பென்ஷனிலிருந்து தவணை தவணையாகக் கட்டி முழுக் கடனையும் அடைத்தார்.

கோடிக்கணக்கில் வாங்கிவிட்டு வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொள்பவர்களைப் பற்றி இன்று பேப்பரில் படிக்கிறோம். வேட்பாளர்களின் சொத்துக் கணக்கையும் படிக்கிறோம். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. தவணை தவறாமல் கட்டியவர்களில் பெரும்பாலோர் கஷ்டப்படுகிறவர்கள்தான். வங்கி என்பது அவர்களுடைய நாணயத்தின் மேல்தான் நின்றது. சாஸ்திரியும் லலிதா அம்மையாரும் அந்த வரிசையில் நின்றவர்கள்.

அந்த ஃபியட் கார் இன்றும் டெல்லியில் சாஸ்திரி நினைவகத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு டெல்லி போகிறவர்கள் பேரன் பேத்திகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கடன் அடைந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.