கல்லில் ஏறிய குலவரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் இராசராசனின் கல்வெட்டுகளையே தேடுவர். வளாகத்தின் தென்மேற்குப் பகுதிச் சுவரில், தேவநாகரி எழுத்தில் மராத்தி மொழியில் நெடிது செல்லும் மற்றொரு கல்வெட்டின்முன் நிற்போர் சிலரே. அது போன்ஸ்லே மரபினரின் குலவரலாறு. அதனை 1803ஆம் ஆண்டு வெட்டுவித்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி.

போன்ஸ்லே மரபினர் தஞ்சையில் வந்து குடியேறியவர்கள். சத்ரபதி சிவாஜியின் தந்தைக்கு வேறொரு மனைவி வழிப் பிறந்த ஏகோஜி, பீஜப்பூர்ச் சுல்தானின் படைத்தலைவராக வந்து 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையைக் கைப்பற்றினார். அவரைத் தொடர்ந்து படைவீரரும் கணக்கரும் புலவரும் குடும்பத்தோடு காவிரிக்கரையில் குடியமர்ந்தனர். வீட்டில் மராத்தியும் வீதியில் தமிழும் வழங்கின. அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கந்தர்வக்கோட்டையும் அந்நாளில் தஞ்சை நாட்டின் பாளையங்களுள் ஒன்றாகும்.

1777இல் பிறந்த சரபோஜி, மன்னர் துளஜாவின் பெற்ற மகன் அல்லர். தமக்குப்பின் ஆள மகன் இல்லாத துளஜா, 1787இல் இறக்கும் தறுவாயில், போன்ஸ்லே குலத்தின் வேறொரு கிளையில் பிறந்த அச்சிறுவனைத் தத்தெடுத்தார். கிறித்தவ மறைப்பணியாளர் சுவார்ட்சு அவனுக்குக் காவலாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆனால் மன்னர் மறைந்ததும் தத்து செல்லுமா என்ற வினா எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் பண்டிதர்களைக் கேட்டனர். சிறுவன் தன் தந்தைக்கு ஒரே மகன் என்பதையும் அவன் வயதையும் காட்டித் தத்து செல்லாது என்றனர் பண்டிதர்கள். துளஜாவின் தம்பி முறையினரான அமர்சிங் அரியணை ஏறினார்.

சிறுவனின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. அரண்மனையிலேயே அடைபட்டு, கல்வியும் கிட்டாமல் இருந்த அவனுக்காகச் சுவார்ட்சு கம்பெனியாரிடம் வாதாடினார். பின்னர்ச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சரபோஜி அங்குப் பல மொழிகளையும் அறிவியலையும் கற்றார். தத்து குறித்து மீண்டும் பண்டிதர்களைக் கேட்டபோது, அது செல்லும் என விடை வந்தது. நூல்கள் மாறவில்லை, விடைதான் மாறியது. 1798இல் சரபோஜி முடிசூடினார். அதே ஆண்டின் தொடக்கத்தில் மறைந்துவிட்ட சுவார்ட்சு அதனைக் காண இயலவில்லை.

முடி கிடைத்த மறு ஆண்டே நாடு கைவிட்டுப் போயிற்று. 1799இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆட்சி கம்பெனியாரிடம் சென்றது. கோட்டையும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு எஞ்சின. நான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் தம் குலவரலாற்றைத் தொகுக்கச் செய்தார். அரண்மனைச் செயலர் பாபுராயர் அதனை எழுதினார். பழங்கதையும் உண்மை நிகழ்ச்சியும் கலந்த அதன் செய்திகள் அனைத்தையும் வரலாற்றறிஞர் அப்படியே ஏற்பதில்லை. எனினும் யார் மகன் யார், யாருக்குப்பின் யார் என்பதை அது விடாமல் சொல்கிறது. தம் பிறப்புரிமை பண்டிதர் சொல்லால் ஒருமுறை பறிபோய் ஒருமுறை மீண்டதைக் கண்டவர், ஓலையையும் தாளையும் மட்டும் நம்பாமல் கல்லை நாடியதில் வியப்பில்லை. சோழ மன்னன் தன் கொடைகளைப் பொறித்த கோயிலையே அவர் தேர்ந்ததும் எண்ணத்தக்கது.

சரசுவதி மகால் நூலகத்தை அவர் வளர்த்த வரலாறு பலரும் அறிந்ததே. 1820இல் தொடங்கிய காசிப் பயணத்திலும் அவர் சுவடிகளைத் திரட்டினார். 1832இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது வாரிசுரிமை வினா மீண்டும் எழுந்தது. இம்முறை கம்பெனியார் பட்டத்தையே நீக்கிவிட்டனர். சரபோஜியின் நூலகம் 1918இல் பொதுநூலகமாயிற்று. அரண்மனையின் மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாக இன்றும் உள்ளன. அவற்றைப் படிக்க, அவ்வெழுத்தைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.